மனசு ஆற வரைகிறீர்களா? அப்போ மார்க் போடாதீர்கள்

போன வருஷம் சேலத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். விளம்பரத்தில் 'மன அமைதிக்கு ஓவியம்' என்று போட்டிருந்தது, ஆபீஸ் தலைவலி கொஞ்சம் குறையுமே என்று பணம் கட்டிவிட்டேன். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. நான்காவது வாரம் எல்லோரையும் ஏற்காடு ஏரியை வரையச் சொல்லி, வரைந்ததைச் சுவரில் வரிசையாக ஒட்டி, முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தார்கள். என் ஏரியைப் பார்த்த ஒருவர் "இது வயலா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷைக் கழுவக்கூடத் தோன்றவில்லை, மறுநாள் பார்த்தால் விறைத்துத் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கிறது.

நாம் செய்கிற தவறுகளில் பெரியது இதுதான், மனசை ஆற்ற எடுத்த காரியத்துக்கு மார்க் போடுவது. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லாமே ஸ்கெட்ச் பேனா கிடைத்தால் தானாகப் போய் வரைகிற பிள்ளைகள். சிலரிடம் மட்டும் "வரைந்தால் நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நமக்கு இப்போது சான்றிதழ் தர ஆள் தேவையில்லை, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று அரைமணிக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கிறோமே, அதே கதைதான். போடவே கூடாது என்று சொல்லவில்லை. வரைய உட்காரும்போதே 'இதைப் போடலாம்' என்ற நினைப்பு வந்தால் கை அங்கேயே இறுகிவிடுகிறது.

அம்மாப்பேட்டையில் எங்கள் பெரியம்மா மார்கழியில் சிக்குக் கோலம் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி ஐந்து வரை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாவைப் பிடிக்கிற பிடியில் இழை ஒரே தடிமனாக இறங்கும், புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். ஒரு வளைவு தப்பினால் கோடு வேறு பக்கம் ஓடிவிடும், அதனால் அடுத்த புள்ளியைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாது. தப்பினாலும் பெரியம்மா பதறியதில்லை. கால் பெருவிரலால் ஒரு தேய், அதன் மேலேயே மறுபடி. எட்டு மணிக்குப் பால்காரர் வண்டி அதன் மேல் ஏறிப் போகும், பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஆனால் இதை வைத்து 'கோலம் போட்டால் தியானம், டென்ஷனே வராது' என்று எழுதுகிறார்களே, அதுவும் தவறு. அடுப்பில் பால் பொங்க, பிள்ளைக்கு வேன் வர, மாமியார் வாசலைப் பார்க்க, அவசரமாக நாலு கோடு இழுக்கிற பெண்ணுக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவே. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்கிறவர்களிடம் போய் "கைவேலை மனசை லேசாக்குமாமே" என்று சொல்லிப்பாருங்கள். கழுத்து வலியோடு எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் என்ன பதில் சொல்வார் என்று எழுதத் தேவையில்லை. அதே கை, அதே நுணுக்கம்தான். விரட்டுகிறவர் யாரும் இல்லாதபோதுதான் அது ஆற்றுகிறது.

'எனக்கு வரையவே வராது' என்று ஒதுங்குவது அடுத்தது. 2016இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரிடம் தாள், மார்க்கர், களிமண் கொடுத்து 45 நிமிடம் இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசோல் அளந்தார்கள், மன அழுத்தத்தின்போது கூடுகிற ஹார்மோன் அது. சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. ஏற்கெனவே வரைந்து பழகியவர், பழகாதவர் என்று பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், சும்மா உட்கார்ந்திருந்த ஒரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை, மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதனால் பத்து நாள் வரைந்தும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். பாட்டு, தையல், களிமண், எது கைக்கு ஒத்துவருகிறதோ அது.

முதல் நாளே விலையுயர்ந்த தாள் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், வீணாகிவிடுமே என்ற பயத்தில் இன்னும் பீரோவில் இருக்கிறது. நான் ஒழுங்காக வரைந்ததெல்லாம் மளிகை ரசீதின் பின்பக்கத்தில்தான்.

அப்புறம் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் இறங்கி, கீழே சேலம் தெரிகிறதா என்று போனில் பார்த்து, இருபது போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறோம். 2014இல் லிண்டா ஹெங்கல் என்பவர் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருள்களைப் பார்க்கவும் சிலவற்றைப் போட்டோ எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, போட்டோ எடுத்தவை கண்ணால் மட்டும் பார்த்தவற்றைவிடக் குறைவாகவே ஞாபகத்தில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், ஒரு பாகத்தை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. அதனால் மலையையே பிடிக்கப் பார்க்காதீர்கள். காபி எஸ்டேட் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதில் ஓர் இலையை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பென்சிலால் வரையுங்கள். அடியிலிருந்தே நரம்புகள் விரிந்து நுனியை நோக்கி வளைந்து போவதை, எத்தனையோ தடவை ஏற்காடு போயும், வரைந்த அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். இலை சுமாராகத்தான் வந்தது.

வரையும்போது ஆபீஸ் ஞாபகம் வந்தால் 'எனக்குக் கவனமே இல்லை' என்று எழுந்துவிடுவதும் வேண்டாம். வரட்டும், கோடு எங்கே விட்டதோ அங்கிருந்து தொடருங்கள். பெரியம்மா கோலத்தைப் பெருவிரலால் தேய்க்கிற மாதிரிதான்.

எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு ஒன்று உண்டு. பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்து ஜோசியம் சொல்வது. "ஏன் எல்லாம் கறுப்பா இருக்கு, மனசுல ஏதாவது இருக்கா கண்ணு?" அவன் பெட்டியில் மிச்சமிருந்தது கறுப்புக் கிரேயான் ஒன்றுதான். ஒரே படத்தை வைத்து மனசைப் படிப்பது பயிற்சி பெற்றவர்களே செய்யாத காரியம். "இது என்னன்னு சொல்லேன்" என்று கேட்டால் போதும், அரைமணி நேரம் பேசுவான்.

கடைசியாக, பொழுதுபோக்குக்கு வரைவதும் கலைச் சிகிச்சையும் (ஆர்ட் தெரபி) ஒன்றல்ல. அந்தப் பேரை 1942இல் உருவாக்கிய ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய்க்காக இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து தேறியவர்தான், ஆனால் அவருக்கு மருத்துவமும் கூடவே நடந்தது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால், "கொஞ்சம் பெயின்டிங் பண்ணு சரியாயிடும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள், உங்களுக்கு நீங்களே கூட. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். முதலில் அந்த போன்.