மின்கட்டணத் தகராறு முடியாத நிலையில் நிறுவனம் மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் வீட்டுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தை நுகர்வோரே தேர்ந்தெடுக்கலாம். அதனால் பில்லில் நம்ப முடியாத ஒரு தொகை வந்து, பலமுறை தொலைபேசியில் பேசியும் அது திருத்தப்படாதபோது, வேறொரு நிறுவனத்துக்கு மாறிவிடத் தோன்றுவது இயல்பு. மாறுவதற்கு உரிமையும் உண்டு. 2022 ஜூலையிலிருந்து, விண்ணப்பித்த ஐந்து வேலைநாள்களுக்குள் மாற்றம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஐந்து நாள்களுக்குள் சில வேலைகளைச் செய்யாமல் விட்டால், நியாயம் முழுவதும் நம் பக்கம் இருந்தும் அதை நிரூபிக்க வழியில்லாமல் போகலாம். நிறுவனம் மாறுவதால் நம் உரிமை எதுவும் குறைவதில்லை, ஆதாரங்களே கைநழுவுகின்றன. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இதை உணராததால் நேர்பவை. வட அயர்லாந்துக்கு வேறு ஒழுங்குமுறை அமைப்பும் வேறு விதிகளும் உள்ளதால் அது இங்கே பேசப்படவில்லை.

மாறினால் தகராறு முடிந்துவிடும் என்று நினைப்பது

பழைய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கிய காலத்துக்கான கணக்கு அந்த நிறுவனத்துக்கும் நமக்கும் இடையிலேயே நிற்கும். புதிய நிறுவனம் அந்தக் கடனை ஏற்றுக்கொள்வதுமில்லை, அந்தப் பில்லைத் திருத்துவதுமில்லை. பழைய பிரச்சினையைப் புதியவரிடம் விளக்கிக்கொண்டிருப்பதால் நாள்கள் கழிவதைத் தவிரப் பயன் ஏதுமில்லை. அதேபோல், நிறுவனத்தை விட்டு விலகியதாலேயே புகார் செய்யும் உரிமையும் போய்விடாது. முன்னாள் வாடிக்கையாளரின் புகாரையும் நிறுவனம் விசாரித்தே ஆக வேண்டும். எரிசக்தித் துறைக்கான குறைதீர்ப்பாளரான எனர்ஜி ஆம்பட்ஸ்மனும் அதை ஏற்றுக்கொள்வார்.

பணம் கட்டுவதை முழுவதுமாக நிறுத்துவது

கோபத்தில் பலர் முதலில் செய்வது, வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் டைரக்ட் டெபிட் ஏற்பாட்டை ரத்து செய்வதுதான். இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படலாம். எழுத்து மூலம் கேட்கப்பட்ட தொகை 28 நாள்களுக்கு மேல் செலுத்தப்படாமல் இருந்தால், பழைய நிறுவனம் நம் மாற்றத்துக்கே ஆட்சேபம் தெரிவித்து அதைத் தடுக்கலாம். 28 நாள்களுக்கு உட்பட்ட பாக்கி என்றால் தடுக்க முடியாது. அது இறுதி பில்லில் சேர்க்கப்படும். கடன் நிறுவனத்தின் சொந்தத் தவறால், எடுத்துக்காட்டாகப் பில்லைத் தவறாகக் கணக்கிட்டதால், உருவானது என்றாலும் அதைக் காரணம் காட்டி மாற்றத்தைத் தடுக்கக் கூடாது. ஆனால் எது நிறுவனத்தின் தவறு என்பதே தகராறாக இருக்கும் நேரத்தில், ஒன்றுமே கட்டாமல் இருப்பவரின் வாதம் எடுபடுவது கடினம். இரண்டாவது விளைவு, பாக்கி நிற்பதாகக் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறிவிடுவது. பிற்காலத்தில் வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கலாம்.

எனவே, தகராறுக்கு உட்படாத பகுதி எவ்வளவு என்று நாமே கணக்கிட்டு, உண்மையான மீட்டர் அளவின்படி வர வேண்டிய தொகையைத் தவறாமல் கட்டி, மீதியை ஏன் மறுக்கிறோம் என்பதை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ தெரிவிப்பதே பாதுகாப்பான வழி. இந்த ஒரு பழக்கம், பின்னால் வழக்கை விசாரிப்பவரின் கண்ணில் நம்மைப் பொறுப்புள்ள வாடிக்கையாளராகக் காட்டுகிறது.

மாறும் நாளின் மீட்டர் அளவைக் கவனிக்காமல் விடுவது

இருப்பதிலேயே அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு இதுவென்று நினைக்கிறேன். பழைய நிறுவனத்தின் இறுதி அளவும் புதிய நிறுவனத்தின் தொடக்க அளவும் ஒரே எண்தான். அந்த எண் தவறாகப் பதிவானால், ஏற்கெனவே இருந்த ஒரு தகராறு இரண்டாகிவிடும்.

ஒரு வீட்டின் மீட்டர் உண்மையில் 21,500 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய நிறுவனமோ பல மாதங்களாக உத்தேசக் கணக்குப் போட்டே பில் அனுப்பி, இப்போது 24,300 என்று முடிக்கிறது. வித்தியாசம் 2,800 யூனிட். ஒரு சராசரி வீட்டின் ஓராண்டு மின் பயன்பாடாக எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் 2023 அக்டோபரில் நிர்ணயித்த அளவே 2,700 யூனிட் என்பதைப் பார்த்தால், இது ஏறத்தாழ ஓராண்டு மின்சாரம். பயன்படுத்தாத அந்த மின்சாரத்துக்குப் பழைய நிறுவனம் தன் விலையில் பணம் வாங்கிவிடுகிறது. புதிய நிறுவனமோ 24,300 என்ற எண்ணிலிருந்து தொடங்குவதால், நாம் அனுப்பும் 21,900 என்ற உண்மையான அளவைத் தவறு என்று சொல்லி ஒதுக்குகிறது. இதைச் சரிசெய்ய இரு நிறுவனங்களும் ஒரே எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கோரிக்கையைப் புதிய நிறுவனத்திடம் வைப்பதே வழக்கம்.

மாற்றம் நிகழும் நாளில், மீட்டரின் எண்களும் அதன் உடலில் பொறிக்கப்பட்ட வரிசை எண்ணும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி புகைப்படம் எடுத்து, அதே நாளில் இரு நிறுவனங்களுக்கும் அனுப்பிவிட வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் இருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். அது தானாக அளவை அனுப்பிவிடும் என்ற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் சில, நிறுவனம் மாறியதும் தானியங்கி வசதியை இழந்து சாதாரண மீட்டராகிவிட்ட அனுபவம் பலருக்கு உண்டு.

தகராறு மீட்டரைப் பற்றியது என்றால் அவசரப்படுவது

எல்லாத் தகராறுகளையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பழைய உத்தேசக் கணக்கு, தவறான விலை, கட்டிய பணம் வரவு வைக்கப்படாதது போன்றவை காகிதத்திலேயே தீர்க்கக்கூடியவை. இவற்றுக்காக மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மீட்டரே தவறாக ஓடுகிறது என்பது நம் வாதமானால், மாறாமல் காத்திருப்பதே நல்லது. ஏனென்றால், நிறுவனம் மாறியதும் மீட்டருக்கான பொறுப்பு புதிய நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. பழைய நிறுவனம் அதன்பின் ஆளனுப்பிச் சோதிக்கும் நிலையில் இருக்காது. புதிய நிறுவனத்துக்கோ பழைய கணக்கைப் பற்றிய அக்கறை இருக்காது. புதிய நிறுவனம் இலவசமாக ஸ்மார்ட் மீட்டர் பொருத்தித் தருவதாகச் சொல்லிப் பழைய மீட்டரைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டால், நம் ஒரே சாட்சி அத்துடன் போய்விடும். மீட்டரின் துல்லியத்தைச் சுதந்திரமாகச் சோதிக்கும் ஏற்பாடு அரசிடம் உண்டு. மின் மீட்டர் உண்மையான அளவைவிட 2.5 சதவீதம் வரை கூடுதலாகவோ 3.5 சதவீதம் வரை குறைவாகவோ காட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த வரம்புக்கு அப்பால் போயிருக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும். சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வரும்வரை மீட்டரைத் தொட அனுமதிக்க வேண்டாம்.

சோதனைக்கு முன்பே நாமே பார்க்கக்கூடிய ஓர் எளிய காரியம் உண்டு. வீட்டிலுள்ள எல்லா மின்கருவிகளையும் முதன்மைச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைக் கவனித்தால், அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். நாம் அணைத்தும் மீட்டர் ஓடுவதற்கு ஒரு காரணம், அது வேறொரு வீட்டின் இணைப்போடு மாறியிருப்பது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது. பக்கத்து வீட்டின் மீட்டர் நம் பெயரிலும் நம் மீட்டர் அவர்கள் பெயரிலும் பதிவாகியிருக்கும். இந்த நிலையில் நிறுவனம் மாறுவது தவறைச் சரிசெய்யாது. அதே தவறான பதிவு அப்படியே புதிய நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும். பில்லில் அச்சிடப்பட்டிருக்கும் மீட்டர் வரிசை எண்ணை மீட்டரின் மேலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எம்பான் எனப்படும் 13 இலக்க எண் மின் இணைப்புக்கு உரியது, மீட்டருக்கு உரியதன்று; மீட்டர் மாறினாலும் அது மாறாது. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். இரவு நேரத்தில் குறைந்த விலை தரும் எகானமி 7 திட்டத்தில் இருப்பவர்கள், பகல் அளவும் இரவு அளவும் இடம் மாறிப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரவில் தண்ணீரைச் சூடாக்கிச் சேமிக்கும் ஒரு வீட்டில் பகல் பயன்பாடு மட்டும் வியக்கத்தக்க அளவு அதிகமாக இருந்தால், ஐயப்பட வேண்டிய இடம் அதுதான்.

புகாரைப் பதிவு செய்யாமலும் ஆவணங்களை எடுக்காமலும் வெளியேறுவது

தொலைபேசியில் பேசியதெல்லாம் புகாராகப் பதிவாகியிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். இது புகார் என்று சொல்லி, அதன் எண்ணையும் தேதியையும் எழுத்தில் பெற வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் காலக்கணக்கு தொடங்குகிறது. எட்டு வாரங்களாகியும் தீர்வு கிடைக்காவிட்டாலோ, இனி எங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நிறுவனம் முன்பே கடிதம் தந்துவிட்டாலோ, குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடிதம் பெற்றவர்கள் 12 மாதங்களுக்குள் போக வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஏற்காவிட்டால் நமக்கு நீதிமன்ற வழி திறந்தே இருக்கும்.

நிறுவனம் மாறிய சில வாரங்களில் பழைய இணையக் கணக்கு மூடப்படலாம் என்பதால், விண்ணப்பிப்பதற்கு முன்பே எல்லாப் பில்களையும், கட்டிய தொகைகளின் பட்டியலையும், உரையாடல்களின் பதிவுகளையும் தரவிறக்கம் செய்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் 13 மாதங்களின் அரைமணி நேரப் பயன்பாட்டைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும். அந்த விவரத்தையும் கேட்டுப் பெற்றால், வீடு பூட்டிக் கிடந்த வாரத்தில் எவ்வளவு மின்சாரம் போனதாகக் காட்டப்பட்டது என்பதைக்கூட நிறுவலாம்.

இறுதி பில் வந்ததும் கேள்வி கேட்காமல் கட்டுவது

மாறிய ஆறு வாரங்களுக்குள் இறுதி பில்லைப் பழைய நிறுவனம் அனுப்ப வேண்டும். நமக்கு வர வேண்டிய பணம் இருந்தால் அதற்குப் பின் பத்து வேலைநாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் இழப்பீடு உண்டு. சில நேரங்களில் அந்த இறுதி பில்லில், இதுவரை யாரும் கேட்காத பழைய பாக்கி ஒன்று திடீரென்று முளைக்கும். நிறுவனம் சரியாகப் பில் அனுப்பத் தவறியிருந்தால், 12 மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டுக்கு இப்போது பணம் கேட்கக் கூடாது என்பது 2018 மே மாதம் முதல் வீடுகளுக்கு நடைமுறையில் உள்ள விதி. அது விலகிச் சென்ற வாடிக்கையாளருக்கும் பொருந்தும். மீட்டரைப் பார்க்க விடாமல் தடுத்தது போன்ற குற்றம் நம் பக்கம் இருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

முன்பணம் செலுத்தும் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். அவர்கள் மின்சாரம், எரிவாயு ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்ட் வரையிலான கடனைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போகலாம். இது உதவியான ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தொகையையே மறுத்துக்கொண்டிருப்பவர், தொகை திருத்தப்படும் முன் இதற்கு ஒப்புக்கொண்டால், மறுத்த கடனைத் தானே ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஒவ்வொரு முறை மீட்டரில் பணம் போடும்போதும் அதில் ஒரு பகுதி அந்தக் கடனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தகராறு நடக்கும்போதே பழைய நிறுவனம் கணக்கைக் கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் உண்டு. அந்தக் கடிதத்தைக் கண்டு அஞ்சிப் பணத்தைக் கட்டிவிடவும் வேண்டாம், படிக்காமல் ஒதுக்கிவிடவும் வேண்டாம். தொகை தகராறில் இருப்பதையும், புகார் எண்ணையும், குறைதீர்ப்பாளரிடம் போயிருந்தால் அந்த வழக்கு எண்ணையும் குறிப்பிட்டு, வசூலை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் கேட்டு, அதன் நகலைப் பழைய நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். உடல்நலக் குறைவாலோ முதுமையாலோ தானே எழுத முடியாதவர்கள், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் இலவச நுகர்வோர் சேவையை அழைத்தால், அவர்கள் சார்பாக நிறுவனத்திடம் பேசும் பிரிவுக்கு வழக்கை அனுப்பிவைப்பார்கள்.