வருமானத்தை மறைக்காமல் உதவி கேட்பது எப்படி?

என் வீட்டுக்காரருக்கு வேலை போன பிறகு, ஜகாத் (கடமையான தர்மம்) உதவிக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 'மாத வருமானம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதி வாடகைக்குக்கூடக் காணாத காசு. ஆனாலும் அதைச் சொன்னால் உதவி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். அன்று இஷா (இரவுத்) தொழுகையில் மனம் நிற்கவே இல்லை.

மறுநாள் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கப்பல் வச்சிருந்தவங்களையே அல்லாஹ் மிஸ்கீன், அதாவது ஏழைன்னு சொல்றான். நீங்க தையல் மெஷினை ஏம்மா மறைக்கிறீங்க?" என்றார்.

குர்ஆனில் அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 79ஆம் வசனம் அது. மூஸா நபியோடு போன நல்லடியார் சேதப்படுத்திய கப்பல், கடலில் உழைத்துக்கொண்டிருந்த மிஸ்கீன்களுடையது என்கிறது குர்ஆன். அவர்களிடம் கப்பல் இருந்தது, வேலையும் இருந்தது. போதவில்லை, அவ்வளவுதான். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்கிறது. ஃபக்கீர், மிஸ்கீன் இருவரும் அதில் முதலில் வருகிறார்கள், கடனாளியும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்), தேவையில் பாதிக்குக்கூட வழியில்லாதவர் ஃபக்கீர். பாதியோ அதற்கு மேலோ இருந்தும் முழுசாக எட்டாதவர் மிஸ்கீன். வருமானம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி, போதுமா என்பதுதான்.

அதனால் விண்ணப்பத்தைத் தொடும் முன் ஒரு தாளில் இரண்டு கணக்கு எழுதுங்கள். ஒன்று வரவு, இன்னொன்று தேவை. வரவு மாதாமாதம் மாறுகிறதா? கடைசி மூன்று மாதத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். மோசமான மாதத்தை மட்டும் காட்ட மனசு இழுக்கும், எனக்கும் இழுத்தது. அண்ணன் தம்பி அனுப்புவதையும் சேருங்கள். நகை பற்றிக் கேட்டால், கையில் இருப்பது எவ்வளவு, அடகில் இருப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். தேவையையும் ஊதிப் பெரிதாக்க வேண்டாம். செல்வத்தைப் பெருக்கிக்கொள்ள மக்களிடம் கேட்பவர் நெருப்புக் கங்கைத்தான் கேட்கிறார் என்ற ஹதீஸ் (நபிமொழி) 'முஸ்லிம்' என்ற தொகுப்பில் இருக்கிறது.

இதற்காக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. கையேந்தாத தன்மானத்தால், விவரம் தெரியாதவர் செல்வந்தர் என்று நினைக்கும் ஏழைகளை அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் பாராட்டுகிறது. பக்கத்து வீட்டில் விசாரித்தால் "அல்ஹம்துலில்லாஹ்" (புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே) என்று சொல்லிவிட்டு நகரலாம். அது பொய் ஆகாது. உண்மைக் கணக்கு உதவி தருபவருக்கும், கடன் கொடுத்தவருக்கும், வாழ்க்கைத் துணைக்கும் தெரிந்தால் போதும்.

கடன்காரரிடம் பேசுவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவார்கள். 'இவ்வளவு தேடுகிறீர்களே' என்று ஒருவர் கேட்டபோது, மனிதன் கடன்பட்டால் பேச்சில் பொய் வருகிறது, வாக்குக் கொடுத்தால் மாறுகிறான் என்றார்கள். நான் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொன்னதெல்லாம் அதுதான். அப்புறம் வரவுத் தாளையே எடுத்துப்போய்க் காட்டினேன். "மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்தேன். கடனை எழுதிக்கொள்ளச் சொல்வது அல்பகரா 282. சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வது அதற்குச் சற்று முன்னால், 280. கொடுத்தவருக்கும் அந்த வசனம் தெரிந்திருக்கலாம். ஆனால் நம் நிலைமையை நாம் சொன்னால்தானே அவர் அதன்படி நடக்க முடியும்?

ஏற்கெனவே மறைத்து வாங்கியிருந்தால் தவ்பா (பாவமன்னிப்புத் தேடுவது) மட்டும் போதாது, பணம் இன்னொருவரின் ஹக்கு (உரிமை). போய்ச் சொல்லுங்கள். தகுதிக்கு மேல் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையில்.

நான் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு மூன்று மாத வரவையும் எழுதினேன். உதவி கிடைத்தது. தையல் ஆர்டர் கூடிய மாதம் மறுபடி போய்ச் சொன்னேன். எனக்கு வந்துகொண்டிருந்த தொகையில் ஒரு பகுதியைக் குறைத்து, காத்திருந்த இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள்.