90 கிலோவைத் தாண்டியவர்கள் அடுத்த விண்ட்சர்ஃபிங் போர்டு வாங்கும்போது செய்யும் தவறுகள்

விண்ட்சர்ஃபிங்கில், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றால் தண்ணீரில் ஓடுவதில், பயிற்சி போர்டில் நிற்கக் கற்றாயிற்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வர முடிகிறது, ஹார்னஸ் (பாயின் இழுப்பைக் கைக்குப் பதில் உடம்பால் தாங்க உதவும் இடுப்புப் பட்டை) மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டவும் பழகிவிட்டீர்கள். சரி, இனி சொந்தமாக ஒரு போர்டு வாங்கலாம் என்ற ஆசை வரும். 65, 70 கிலோ எடை உள்ளவர் இந்த இடத்தில் கொஞ்சம் தப்பாக வாங்கினாலும் சமாளித்துவிடுவார். 90 கிலோவைத் தாண்டியவர் தப்பாக வாங்கினால் அந்த சீசன் முழுக்கத் தண்ணீருக்குள்தான். நான் 98 கிலோ, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஸ்வான் ஆற்றில் ஓட்டுகிறேன், என் முதல் சொந்த போர்டில் எனக்கு நடந்தது அதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய தவறு, கூட ஓட்டும் நண்பரின் லிட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது. "130 லிட்டர் வாங்கு, எனக்கு அது அருமையாக இருந்தது" என்பார். அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் அவர் எடை 70 கிலோ. போர்டின் கொள்ளளவில் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். என் எடை 98, வெட்சூட்டும் ஹார்னஸும் லைஃப் ஜாக்கெட்டும் சேர்ந்து ஒரு 4 கிலோ, போர்டே 10 கிலோ, பாய், பாய்மரம், பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு) எல்லாம் சேர்ந்து இன்னொரு 10, ஆக மொத்தம் 122. 130 லிட்டர் போர்டில் எனக்கு மிச்சம் இருப்பது வெறும் 8 லிட்டர். இதே கணக்கில் நண்பருக்கு 36 லிட்டர் மிச்சம். அந்த 36-ல் அவர் நிதானமாக நின்று, கயிற்றைப் பிடித்துப் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார். நான் அதே போர்டில் ஏறி நின்றால் கணுக்கால்வரை தண்ணீர், ஒரு கால் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் அமிழ்ந்துவிடும். காற்று பலமாக இருக்கும்வரை எப்படியோ ஓடும். காற்று விழுந்த பிறகு, கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, பாயைத் தூக்கவே முடியாமல் கிடப்பீர்கள். அது சிரமம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அதனால் கணக்கை உங்கள் எடையிலிருந்து தொடங்குங்கள். இன்னும் கயிற்றால்தான் பாயைத் தூக்குகிறீர்கள் என்றால் எடையோடு 55, 60 லிட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அது 155 லிட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆழமான தண்ணீரில் பாயின் இழுவையாலேயே போர்டில் ஏறும் வாட்டர்ஸ்டார்ட் கைவந்த பிறகு எடையோடு 40 லிட்டர் கூட்டினால் போதும், அதுவரை அவசரப்பட வேண்டாம்.

லிட்டரை மட்டும் பார்ப்பதும் தவறுதான். 1990-களின் போர்டுகள் பெரும்பாலும் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், அகலமான போர்டுகள் 2000-ஐ ஒட்டித்தான் பரவின. பழைய 60 சென்டிமீட்டர் அகல போர்டும் இன்றைய 80 சென்டிமீட்டர் அகல போர்டும் ஒரே லிட்டர் என்றாலும் காலுக்கடியில் வேறு வேறு. நம் எடைக்கு 78-லிருந்து 85 வரை நல்ல அகலம். அதைவிட அகலம் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்காகவே ஒரு பொறி காத்திருக்கிறது, ஃபார்முலா போர்டு. 160 லிட்டர், ஒரு மீட்டர் அகலம், பழையது மலிவாகக் கிடைக்கும், பார்த்தால் நமக்காகவே செய்தது போல இருக்கும். ஆனால் அது பந்தயத்துக்குச் செய்தது. 70 சென்டிமீட்டர் ஃபின் (போர்டின் பின்பக்கம் அடியில் இருக்கும் துடுப்பு), 10 சதுர மீட்டருக்கு மேல் பாய், காலை நுழைக்கும் பட்டைகள் எல்லாம் விளிம்பை ஒட்டி. ஸ்வான் ஆற்றில் மணல் திட்டுகள் உண்டு, அந்த ஃபின் ஒரு திட்டில் தட்டினால் போர்டு நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். கற்றுக்கொண்டிருப்பவர் அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது டாகர்போர்டு, அதாவது போர்டின் நடுவில் கீழே இறக்கும் அந்தத் தகடு. "அது கற்றுக்குட்டிகளுக்கு" என்று சொல்லி அது இல்லாத போர்டை வாங்கிவிடுகிறார்கள். இங்கே கோடை மதியங்களில் தென்மேற்கிலிருந்து கடல்காற்று வரும், ஃப்ரீமேன்டில் டாக்டர் என்பார்கள், நல்ல நாளில் 15, 20 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28-லிருந்து 37 கிலோமீட்டர்) அடிக்கும். அந்த நாளை மனதில் வைத்துத்தான் எல்லோரும் போர்டு வாங்குகிறோம். காற்று 10 நாட் இருக்கும் நாளிலும் தண்ணீரில் இறங்கத்தான் போகிறோம். அப்போது போர்டு தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்காது, எடை கூடியவருக்கு அந்த பிளேனிங் இன்னும் தாமதமாகத்தான் வரும். டாகர்போர்டு இல்லாமல் அந்த மெதுவான ஓட்டத்தில் காற்றை எதிர்த்து ஏறுவது நமக்குக் கடினம், காற்றுப்போக்கில் ஒதுங்கி, போர்டைச் சுமந்து கரையோரம் நடந்து வர வேண்டும். வேகம் பிடித்ததும் காலால் அதை உள்ளே தள்ளிவிட்டால் போதும், மறந்தால் போர்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கி நினைவுபடுத்தும்.

போர்டுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, பயிற்சியில் பயன்படுத்திய 5.5 சதுர மீட்டர் பாயையே மாட்டுவதை நிறையப் பார்க்கிறேன். அப்புறம் போர்டு சரியில்லை என்று குறை. 70 கிலோ நண்பர் 6.5-ல் பறக்கும் காற்றில் நமக்கு 7.5, 8 வேண்டும். என்னைக் கேட்டால் போர்டைப் பழையதாக வாங்கி, மிச்சப் பணத்தைப் பாய்க்கு வையுங்கள். எத்தனை சென்டிமீட்டர் பாய்மரம் வேண்டும் என்று பாயிலேயே அச்சிட்டிருக்கும், 7.5-க்குப் பெரும்பாலும் 460. கையில் 430 இருந்தால் அதற்கும் செலவு உண்டு. ஃபினையும் பாருங்கள். இந்த அளவு போர்டுக்கு 46-லிருந்து 50 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். விற்பவர் நல்லதை வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஃபினை மாட்டித் தந்தால், நம் காலின் அழுத்தத்துக்கு அது பிடி விட்டுப் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போகும்.

கால் பட்டைகளுக்கு உள்பக்கமாகவும் துளைகள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், முதலில் அங்கேதான் மாட்ட வேண்டும்.

பழைய போர்டைப் பார்க்கப் போகும்போது ஒரு தராசு எடுத்துப் போங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஒன்றிரண்டு கிலோ கூட இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். குதிகால் படும் இடத்திலும் பாய்மரம் பொருத்தும் பள்ளத்தைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், ஏனென்றால் நம் எடை முழுக்க இறங்கப்போவது அந்த இடங்களில்தான். முடிந்தால் காற்று மந்தமாக இருக்கும் ஒரு காலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். முழங்கால் ஆழத்தில் வேண்டாம், கால் எட்டாத இடத்துக்குப் போய்ப் பாயைப் பத்து முறை விழவிட்டுத் தூக்குங்கள். பத்தாவது முறையும் போர்டு காலுக்கடியில் அசையாமல் நின்றால் விலை பேசலாம்.