காரின் பகல் விளக்கு: புரிந்துகொள்வதும் பராமரிப்பதும்

பொழுது சாயும் நேரம், லேசான தூறல். எனக்கு முன்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது பிரேக் போட்டுச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் அங்கே ஒரு கார் இருப்பதே என் கண்ணில் பட்டது. அதைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்த்தேன். முன்பக்கம் பளிச்சென்று வெள்ளை விளக்கு, உள்ளே டாஷ்போர்டு முழுக்க வெளிச்சம். ஓட்டியவர் தன் காரில் எல்லா விளக்கும் எரிவதாகத்தான் நினைத்திருப்பார். பின்பக்கம் ஒன்றுகூட எரியவில்லை. பகல் விளக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

முதலில், இது என்ன விளக்கு?

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் தானாக எரிகிற முன்பக்க வெள்ளை விளக்குதான் பகல் விளக்கு. டிஆர்எல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எதிரே வருபவர், சாலையைக் கடப்பவர் கண்ணில் நம் கார் படவேண்டும். அதற்காக மட்டும் வைத்த விளக்கு இது. சாலைக்கு வெளிச்சம் காட்ட இதை நம்பக் கூடாது. ஐநாவின் 87ஆம் எண் வாகன விதிப்படி தனியாக அமைந்த பகல் விளக்கின் ஒளிச்செறிவு 400 முதல் 1200 காண்டெலாவுக்குள் இருக்க வேண்டும். வெயிலிலும் கண்ணில் படுகிற, ஆனால் கூசாத அளவு அது.

சுவீடனில் 1977 முதல் பகலிலும் விளக்கோடுதான் ஓட்ட வேண்டும். கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி 7 முதல் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்குக் கட்டாயமானது.

படி 1: உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

புதிய கார்களில் பெரும்பாலும் எல்இடி பட்டைதான். கொஞ்சம் பழைய கார்களில் பல்பு இருக்கும். எச்15 என்ற பல்பில் இரண்டு இழைகள் உண்டு. 15 வாட் இழை பகல் விளக்குக்கு, 55 வாட் இழை ஹை பீமுக்கு. தனி விளக்கே இல்லாமல், ஹெட்லைட்டையே மங்கலாக எரியவிடும் கார்களும் இருக்கின்றன. உங்கள் காரின் கையேட்டில் பல்பு அட்டவணை இருக்கும். அங்கே பகல் விளக்குக்கு நேராகப் பல்பு எண் போட்டிருந்தால் நீங்களே மாற்றலாம். எல்இடி என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் விளக்கோடு சேர்த்து ஒட்டியது, பிரித்து மாற்ற முடியாது.

படி 2: காரைச் சுற்றி ஒரு நடை

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, நியூட்ரலில் அல்லது பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு ஸ்விட்ச்சைத் தொடாமல் இறங்கி முன்னால் போய்ப் பாருங்கள். சில கார்களில் ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் பகல் விளக்கு எரியாது. அப்படியானால் வேறு ஒருவரை பிரேக் பெடலை மிதித்தபடி உட்காரச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பாருங்கள்.

இப்போது பின்னால் போங்கள். டெயில் லைட் எரிகிறதா? பல கார்களில் எரியாது. அது பழுது இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். ஆனால் இதை நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடியும் சுற்றி வாருங்கள். பின்னால் சிவப்பு எரியும். முன்னால் பகல் விளக்கு அணையும் அல்லது மங்கும்.

அந்த மாலை நான் பார்த்த காரைப் போன்றவை ஏராளம் என்பதால்தான் கனடா 2021 செப்டம்பரில் புதிய வண்டிகளுக்கு விதியை மாற்றியது. பகல் விளக்கோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும். இல்லாவிட்டால் இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் டாஷ்போர்டு இருட்டாகவே இருந்து ஓட்டுபவருக்கு நினைவூட்ட வேண்டும். உங்கள் காரில் ஆட்டோ என்ற நிலை இருந்தால் ஸ்விட்ச்சை அதிலேயே வைத்திருங்கள். ஆனால் மழையிலும் மூடுபனியிலும் வானம் ஓரளவு வெளிச்சமாக இருந்தால் சென்சார் ஏமாந்துவிடும். அப்போது கையால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்துப் பகல் விளக்கு மட்டும் மங்குவதோ அணைவதோ உண்டு. இண்டிகேட்டர் தெளிவாகத் தெரியட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். இதைப் பழுது என்று நினைத்துப் பதற வேண்டாம்.

படி 3: முகப்பைச் சுத்தமாக வைப்பது

விளக்கின் முகப்பு மூடியைக் கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பூச்சைத் தின்ன, அது மஞ்சளடித்துப் போகும். கார் கழுவும் ஷாம்பூ, நிறையத் தண்ணீர், மென்மையான துணி போதும். காய்ந்த சேற்றை ஒருபோதும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு மணலும் ஒரு கீறல்.

ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தால், சுற்றியுள்ள பெயின்ட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நீர் உப்புத்தாளால் முதலில் 1000ஆம் எண், அப்புறம் 2000, கடைசியாக 3000 என்று (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் பால் போல வெளுத்த கசடு வழியும், முகப்பே கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கும். பாலிஷ் போட்டதும் தெளிந்துவிடும். முடிவில் புற ஊதா தடுப்புப் பூச்சு பூசாவிட்டால் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்த சற்று நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. சொட்டுச் சொட்டாக நீர் நின்றாலோ அடியில் தேங்கினாலோ, சீல் விட்டிருக்கிறது அல்லது பின்மூடி சரியாக மூடவில்லை. எல்இடி பலகை அரிப்பதற்கு முன் சரிசெய்யுங்கள்.

படி 4: எரியவில்லை என்றால்

இரண்டு பக்கமும் எரியாவிட்டால் பல்பைத் தொடாதீர்கள். ஹேண்ட் பிரேக், விளக்கு ஸ்விட்ச்சின் நிலை, திரையில் பகல் விளக்கை அணைக்கும் அமைப்பு ஏதாவது மாறியிருக்கிறதா, பிறகு ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் இக்னிஷனை அணைத்து, பல்பு ஆறட்டும். ஹோல்டரை இடப்பக்கமாகத் திருகினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். பல்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: இழை நடுவில் அறுந்து தொங்கும், அல்லது உட்புறம் கறுத்திருக்கும். இழை நன்றாக இருந்தால் ஹோல்டருக்குள் எட்டிப் பாருங்கள். பித்தளைத் தகட்டில் பச்சையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் கோளாறு அங்கேதான். தொடர்பு முனைகளுக்கான ஸ்ப்ரே அடித்து, சிறு பிரஷ்ஷால் சுரண்டினாலே பல நேரம் எரிந்துவிடும். சந்தேகம் தீர, இடது வலது பல்புகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் பல்போடு இடம் மாறினால் பல்புதான் காரணம். அதே பக்கத்தில் நின்றால் ஹோல்டர், ஒயர் அல்லது எர்த்.

எச்15 போன்ற ஹாலோஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய் சூட்டில் அந்த இடத்தைப் பலவீனமாக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

எல்இடி பட்டை மினுமினுத்தாலோ பாதி மட்டும் எரிந்தாலோ, முதலில் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால், எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் போயிருக்கலாம். சில கார்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம் என்பதால், முழு ஹெட்லைட்டையும் மாற்றச் சம்மதிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படி 5: வெளியில் வாங்கிப் பொருத்துவதானால்

ஹாலோஜன் ஹோல்டரில் எல்இடி பல்பைச் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பல்பு போய்விட்டதாகக் கார் எச்சரிக்கும். அதை மறைக்க ரெசிஸ்டர் சேர்ப்பார்கள். அதுவோ பிளாஸ்டிக்கை உருக்கும் அளவு சூடாகும். பல நாடுகளில் சட்டமும் இதை அனுமதிப்பதில்லை.

பகல் விளக்கே இல்லாத காரில் புதிதாகப் போடுவதானால், விதிமுறைச் சான்று பெற்ற விளக்கை வாங்கி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக இணைக்கச் சொல்லுங்கள். இக்னிஷனை அணைத்ததும் விளக்கும் அணைய வேண்டும். மெக்கானிக் வேலையை முடித்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், அங்கேயே ஹெட்லைட்டைப் போட்டுப் புது விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் டெயில் லைட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.