லிமிடெட் எடிஷன் சுருட்டு: காசு கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

லிமிடெட் எடிஷன் சுருட்டு வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்பதை 'நன்றாக இருக்கிறது' என்று புரிந்துகொள்வது. இரண்டும் வேறு வேறு. விலையைப் பார்த்து மலைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எது குறைவு, இலையா, பெட்டியா?

இலை குறைவு என்றால் விலையில் நியாயம் உண்டு. 1995-இல் சுருட்டு தயாரிக்கும் ஃபுவென்டே குடும்பம் டொமினிகன் குடியரசில் தாங்களே விளைவித்த மேலிலையை (சுருட்டின் வெளிப்புறத்தில் சுற்றும் இலை) சுற்றி ஓபஸ் எக்ஸ் சுருட்டைக் கொண்டுவந்தது. அந்த மண்ணில் தரமான மேலிலை விளையாது என்பதுதான் அதுவரை தொழிலில் இருந்த பேச்சு. இலை அளவாகக் கிடைத்ததால் சுருட்டும் அளவாகத்தான் வந்தது. கியூபாவின் ஹபானோஸ் நிறுவனம் 2000-இல் தொடங்கிய 'எடிசியோன் லிமிடாடா' (லிமிடெட் எடிஷன்) வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. செடியின் மேற்பகுதியில் விளைந்த கறுத்த இலையைக் குறைந்தது இரண்டு ஆண்டு முதிரவைத்து மேலிலையாகச் சுற்றினார்கள். 2007 முதல் உள்ளே வைக்கும் இலைகளுக்கும் அதே இரண்டு ஆண்டுக் கணக்குதான். இலையைக் கிடங்கில் காத்து வைக்கச் செலவாகும். அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆனால் கடைக்கு வரும் பல லிமிடெட் எடிஷன்கள் அப்படியில்லை. வழக்கமான கலவையையே இன்னும் கொஞ்சம் தடிமனாகச் சுருட்டி, ஆண்டு அச்சிட்ட இரண்டாவது காகிதப் பட்டையை மாட்டி, பளபளக்கும் மரப்பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். எந்த ஊர் இலை, எத்தனை ஆண்டு பழையது, மொத்தம் எத்தனை செய்தார்கள் என்று கேளுங்கள். 2006-இல் கியூபாவின் கோஹிபா பிராண்டில் பெஹிக்கே சுருட்டு வந்தபோது கணக்கு வெளிப்படையாக இருந்தது: 100 பெட்டி, பெட்டிக்கு 40, ஆக 4,000 சுருட்டு. எண்ணிக்கையே சொல்லாமல் 'லிமிடெட்' என்று மட்டும் சொன்னால், அந்தச் சொல்லுக்கு நான் தனியாகக் காசு தரமாட்டேன்.

'இப்போது விட்டால் இனி கிடைக்காது' என்ற பதற்றத்தில் பெட்டியோடு வாங்குவது அடுத்த தவறு. பார்த்தகாஸ் செரீ டி நம்பர் 3, லிமிடெட் எடிஷனாக 2001-இல் வந்தது. 2006-இல் அதே பெயரில் மறுபடி வந்தது. 2004-இன் லிமிடெட் எடிஷனான ஹோயோ டி மோன்டெர்ரே எபிக்யூர் எஸ்பெசியல், சில ஆண்டுகளில் வழக்கமான வரிசையிலேயே சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள். பிடித்தால் அப்புறம் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

விலையே தரத்துக்குச் சாட்சி என்று நினைப்பதும் தவறுதான். 2022-இல் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு கியூப பிராண்டுகளுக்கும் உலகெங்கும் ஒரே மட்டத்தில் விலை வைத்தபோது பல நாடுகளில் விலை மடங்குகளாக ஏறியது. முந்தைய வாரம் அலமாரியில் இருந்த அதே சுருட்டுதான், இலை மாறவில்லை.

ஒருமுறை நண்பர் ஒருவர் பட்டைகளைக் கழற்றிவிட்டு இரண்டு சுருட்டுகளை என் முன்னால் வைத்தார். ஒரே பிராண்ட், ஒன்று லிமிடெட், மற்றது சாதாரணம். எது எது என்று சொல்லவில்லை. ஒன்றின் மேலிலை கறுப்பாக, விரலில் எண்ணெய் ஒட்டுவதுபோல மினுமினுத்தது. முதல் கால் பகுதியில் கோகோ வாசம் பிரமாதம். பாதியைத் தாண்டியதும் இழுவை இறுகி, நாக்கின் ஓரத்தில் கசப்பு ஏறி, இரண்டு முறை மறுபடி பற்றவைக்க வேண்டியிருந்தது. மற்றது கடைசிவரை சீராக எரிந்தது. நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதுதான் சாதாரணச் சுருட்டு. ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டை கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கசப்பை நானே 'ஆழமான சுவை' என்று சொல்லியிருப்பேன் என்பது உறுதி.

அந்தக் கசப்பில் பாதி அவசரத்தால் வந்ததாகவும் இருக்கலாம். புதிதாகச் சுருட்டியதில் அமோனியா நெடி இருக்கும். வழியில் ஈரப்பதம் ஏறி இறங்கியிருக்கும். வாங்கிய அன்றே பற்றவைக்காதீர்கள். 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் சில வாரங்களாவது இருக்கட்டும். சூடான அறையில் வைத்தால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, குண்டூசி முனை அளவு ஓட்டை விழும். 'வைத்திருந்து விற்றால் லாபம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பராமரிப்புச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

போலிக்கும் இங்கேதான் கிராக்கி. கியூபச் சுருட்டு என்றால் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: தொழிற்சாலைக் குறியும், கட்டிய மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்க வேண்டும். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபாவை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, உடம்பு சம்பந்தப்பட்டது. விலை உயர்ந்தது, ரசாயனம் சேர்க்காதது, அதனால் கெடுதல் குறைவு என்று நம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டு முதிரவைத்த இலையும் புகையிலைதான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு நிகோட்டின் இருக்கலாம். லிமிடெட் எடிஷன்கள் பெரும்பாலும் தடிமனானவை, ஒன்றரை மணி நேரம்கூட எரியும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.