ஸ்காட்லாந்து குட்டி ஊரோட பேருக்கு அர்த்தம் தேடுறது எப்படி

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், பேரை பாத்ததும் இங்கிலீஷ் டிக்‌ஷனரிய தொறக்காதீங்க. பெர்த்ஷயர்ல டல்-னு ஒரு கிராமம், போர் அடிக்கிற ஊரு போலன்னு எல்லாரும் சிரிப்பாங்க, 2012ல அமெரிக்காவுல இருக்கிற போரிங்-ங்கிற ஊரோட ஜோடி கூட சேந்துச்சு, ஆனா அந்தப் பேருக்கும் இங்கிலீஷ் டல்லுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, பிட்டன்வீம் எடுத்துக்குவோம், ஃபைஃப் கடலோரத்துல இருக்கிற மீன்பிடி ஊரு. பேரை உடைக்கிறதுக்கு முன்னாடி பழைய ஸ்பெல்லிங் தேடுங்க, இப்ப எழுதுறத நம்பவே கூடாது. ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி சைட்ல 1654 பிளாவ் அட்லஸ்லேர்ந்து பழைய மேப்பெல்லாம் காசில்லாம பாக்கலாம், அதுல உக்காந்தா நேரம் போறதே தெரியாது (எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு). இன்னும் பின்னாடி, சாசனங்களுக்குப் போனா 'பிட்' இருக்கிற எடத்துல 'பெட்'னு இருக்கும். அது இங்கிலீஷ் 'பிட்' மாதிரி குழி இல்லீங்க, ஸ்காட்லாந்துல ரொம்ப காலத்துக்கு முன்னாடி வாழ்ந்த பிக்ட் ஜனங்க பேசின மொழியில நிலத்துல ஒரு பங்கு. கிழக்குப் பக்கம் பிட்லாக்ரி மாதிரி பிட்-ல ஆரம்பிக்கிற ஊருங்க நெறைய. நடுவுல வர்ற 'ன' கேலிக்-ங்கிற இன்னொரு பழைய ஸ்காட்லாந்து மொழியோட இலக்கணச் சொல்லு, கடைசி 'வீம்' கேலிக்ல குகை. ஆக குகை இருக்கிற பங்கு நிலம், ஒரே பேருக்குள்ள ரெண்டு மொழி.

இதோட நிறுத்திடாதீங்க, நிலத்துல அது இருக்கான்னு பாருங்க. பிட்டன்வீம்ல செயின்ட் ஃபில்லன் குகை இன்னும் இருக்கு, அது இருக்கிற சந்து பேரே கோவ் வைண்ட், ஸ்காட்ஸ் பேச்சுல கோவ்னா குகை, வைண்ட்னா சந்து! அதே கடலோரத்துல மேற்கால வீம்ஸ்னு இன்னொரு ஊரு, அங்கயும் குகைங்க, பிக்ட்டுங்க செதுக்கின உருவங்களோட. இப்படி ரெண்டு எடத்துல பொருந்துனா தெம்பா நம்பலாம்.

ஊர் வரலாறுக்கு 1790கள்ல பாதிரியாருங்க ஊர் ஊரா எழுதிக் கொடுத்த ஸ்டாட்டிஸ்டிகல் அக்கவுண்ட் படிங்க, எத்தனை குடும்பம், என்ன மீன், என்ன கூலின்னு அருமையா இருக்கும். ஆனா பேருக்கு அவங்க சொல்ற அர்த்தம் பாதி குத்துமதிப்புதான், பழைய ஸ்பெல்லிங்கோட ஒத்துவந்தா மட்டும் எடுத்துக்குங்க.