கடலில் இறங்கவிடாத சுறா பயத்தைக் குறைப்பது எப்படி?

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60, 70 பேரைத்தான் சீண்டாமலேயே சுறா கடிக்கிறது. இறப்பவர்கள் இன்னும் மிகக் குறைவு. இது தெரிந்தும் இடுப்பளவு நீரில் நெஞ்சு படபடக்கும். எது சட்டென்று மனக்கண்ணில் வருகிறதோ, அதுவே அடிக்கடி நடப்பதாக மனம் கணக்குப் போடும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-இல் இதை விளக்கினார்கள். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தில் முதல் ஒரு மணி நேரம் சுறா முழுதாகக் கண்ணில் படாது. பலரும் அஞ்சுவது காலுக்குக் கீழே தெரியாமல் இருப்பதைத்தான். அதனால் சுறா படங்களைப் பார்த்துப் பழகுவது மட்டும் போதாது.

நீச்சல் தெரியாதவர் முதலில் அதைக் கற்கட்டும். பிறகு 8 முதல் 10 சூழல்களை எழுதி, பயத்துக்கு 0–100 மதிப்பெண் போடுங்கள். உதாரணமாக, சுறா காணொளி 35, நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் கண்ணை மூடி மிதப்பது 55, கடலில் மார்பளவு நீர் 80. முப்பதுகளில் மதிப்பெண் உள்ள சூழலில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ, அதை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதுங்கள். உதாரணமாக: "இரண்டு நிமிடம்கூடத் தாங்க மாட்டேன்". அதைவிட நீண்ட நேரம் இருந்துவிட்டு, நடந்ததை அதற்குக் கீழேயே எழுதுங்கள். பயம் அறவே தணியக் காத்திருக்க வேண்டாம். எழுதிய கணிப்பு பொய்த்ததா என்பதே முக்கியம். அதே படியை வேறு நாளில், வேறு இடத்திலும் செய்யுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடங்களில். பயம் உச்சத்தில் இருக்கும்போது கரையேறினால், அந்த நிம்மதியே அடுத்த முறை ஓடச் சொல்லும். இன்னொன்று, காலை மடக்கிக்கொள்வது, நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்ப்பது, துணைக்கு வந்தவர் கையை விடாமல் பிடிப்பது. "அதனால்தான் தப்பித்தேன்" என்று மனம் எடுத்துக்கொள்ளும். இவற்றை ஒவ்வொன்றாக விடுங்கள்.

ஆனால் அந்தி, விடியல், கலங்கிய நீர், மீன்பிடிக்கும் இடம் ஆகியவற்றைத் தவிர்ப்பதும், தனியாக நீந்தாதிருப்பதும் உண்மையான முன்னெச்சரிக்கை. பயத்தால் செய்வதையும் முன்னெச்சரிக்கையையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: கடற்கரைக் காவலர் இதை எல்லோருக்கும் சொல்வாரா, எனக்கு மட்டும்தான் தேவைப்படுகிறதா?

இதய நோய் உள்ளவர்களும், முன்பு சுறாவிடம் கடிபட்டவர்களும் இதைத் தனியாகச் செய்யாமல் மனநல நிபுணரோடு செய்யுங்கள். சில மாதம் கடல் பக்கம் போகாமல் இருந்தால் பயம் கொஞ்சம் திரும்பும். அப்போது பட்டியலில் இரண்டு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள்.